எல்லோரையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் கட்டுரை நிற்காது

பாளையங்கோட்டையில் எம்.ஏ. படிக்கும் நீங்கள், உலகப் பண்பாடுகளில் பாலினப் பன்மை பற்றிய கட்டுரையை நெறியாளர் ஏன் திருப்பினார் என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு அட்டவணையில்தான். இந்தோனேசியாவின் பூகிஸ், பசிபிக் தீவான சமோவா, மெக்சிகோவின் சப்போடெக் மக்களிடையே உள்ளவர்கள், நம் திருநங்கையர் எல்லோரும் ‘மூன்றாம் பாலினம்’ என்ற ஒற்றைத் தலைப்பில் இருக்கிறார்கள்.

தெற்குச் சுலவேசியின் பூகிஸ் மக்களிடம் பாலினம் ஐந்து. ஆண், பெண் போக, ஆணுடலில் பிறந்து பெண்பாங்கில் வாழும் சலபாய், அதற்கு மறுதலையான சலலாய், சடங்கு நடத்தும் பிஸ்ஸு. இவர்களையே ஒரு கட்டத்தில் அடைக்க முடியாது!

தலைப்பை எடுத்துவிட்டு அட்டவணையில் நான்கு பத்தி போடுங்கள்: பிறப்புடல், தொழில் அல்லது சடங்குக் கடமை, குடும்பத்தில் இடம், காலனியச் சட்டம் செய்த மாற்றம். கடைசிப் பத்திதான் கனமானது. 1871 குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, ‘அலிகள்’ என்று பதிவேட்டில் ஏற்றப்பட்டவர்கள் பெண்ணுடையில் தெருவுக்கு வருவதையே தண்டனைக்குரியதாக்கியது. ஆனால் அது முதலில் வட மாகாணங்களுக்கான சட்டம். நெல்லைச் சீமைக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவைத் தண்டித்த 377ஆம் பிரிவு வேறு, அது 1860 தண்டனைச் சட்டத்தில் வந்தது.

பாலினப் பன்மையே ‘மேற்கத்திய இறக்குமதி’தானே என்ற கேள்வி வந்தால், தொல்காப்பியத்தின் சொல்லிலக்கணப் பகுதியான கிளவியாக்கமும், சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும், ஆண்மை திரிந்த பெண்கோலத்து ஆடலான பேடியாடலும் போதும். பேடியர் இருந்தார்கள் என்பதற்கு அவை சான்று. மதிக்கப்பட்டார்கள் என்பதற்கு அல்ல. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவதைத்தான் வாய்மொழித் தேர்வில் பிடிப்பார்கள்.

திருநங்கையரிடம் நேர்காணல் எடுப்பதானால் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். அறுவைச் சிகிச்சை பற்றி நீங்களாகக் கேட்கவே வேண்டாம்.