பிசியோதெரபி போன்ற படிப்புகளுக்கு ஆன்லைன் நேர்காணல் வைத்து ஆள் எடுப்பது நியாயமா?

உங்கள் தங்கைக்குப் பெங்களூரில் முதுநிலை பிசியோதெரபிக்கு ஆன்லைனில் நேர்காணல் வரப்போகிறது, ஊரில் இருந்துகொண்டு போனில் பேசுகிற பெண்ணுக்கு அதில் நியாயம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கே பேச்சு, விழுங்கல் பயிற்சித் துறையில் ஆசிரியை. இந்த மாதிரி நேர்காணல்களில் மதிப்பெண் போடுகிற பக்கம் உட்காருகிறேன். நியாயமாக நடத்தலாம். ஆனால் நேரில் கேட்பதை அப்படியே ஜூமில் கேட்டு, மனசுக்குப் பட்டதை மதிப்பெண்ணாகப் போட்டால் கிராமத்துப் பிள்ளைகள்தான் அடிபடுவார்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அரூர் பக்கம். வீட்டில் சிக்னல் இல்லை என்று மாமாவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பேசினாள், பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கவாதம் வந்த பெரியவருக்குச் சாப்பிடும்போது புரையேறுகிறது, வீட்டார் தண்ணீர் கொடுக்கப் பார்க்கிறார்கள், நீ என்ன செய்வாய் என்று கேட்டோம். "முதல்ல நிமிர்ந்து உட்கார வைப்பேன் மேடம். தண்ணிதான் இன்னும் சீக்கிரம் புரையேறும், உடனே தர மாட்டேன். எங்க தாத்தாவுக்கு ஒரு வாய் முழுங்கிட்டாரான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த வாய் ஊட்டுவோம்" என்றாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். புத்தகம் படித்தவர்களே தண்ணீர் விஷயத்தில் தடுமாறுவார்கள்.

குழுவில் இருந்த ஒருவர் குறிப்பில் எழுதியது: "கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, தயங்குகிறாள்." எனக்குக் கோபமே வந்துவிட்டது. போனில் கேமரா மேலே இருக்கிறது, எங்கள் முகம் கீழே தெரிகிறது. அவள் எங்களைத்தான் பார்த்தாள், எங்களுக்கு அது குனிந்த மாதிரி தெரிந்தது. தயக்கம் என்றது நெட்வொர்க் தாமதம். பதில் நம் காதுக்கு வந்து சேர ஒரு நொடி கூடுதலாக ஆனாலே, பேசுகிறவருக்குக் கவனம் இல்லை என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். எங்கள் மதிப்பெண் தாளில் கண் பார்வைக்கென்று கட்டமே கிடையாது, அதனால் அந்தக் குறிப்பு எந்த மதிப்பெண்ணையும் தொடவில்லை. தாளை முதலிலேயே அப்படித் தயாரித்திருந்ததுதான் அவளைக் காப்பாற்றியது.

இதற்கு நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2004-இல் ஆய்விதழில் வெளியான மல்டிப்பிள் மினி இன்டர்வியூ. ஒரே குழுவிடம் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக, மாணவர் சில நிமிடங்களுக்கு ஒரு ஆள் என்று பலரிடம் போவார். ஒவ்வொருவரிடமும் ஒரு சூழ்நிலைக் கேள்வி, தனித்தனி மதிப்பெண். ஒருவருக்கு உங்கள் முகம் பிடிக்காமல் போனாலும் அது மொத்தத்தில் ஒரு சின்னப் பங்கோடு நின்றுவிடும். 2020-இல் கொரோனா வந்தபோது பிரிட்டன் மருத்துவக் கல்லூரிகள் இதையே ஆன்லைனுக்கு மாற்றின. நம் ஊரில் எம்பிபிஎஸ்ஸுக்கு நீட்டின் 720 மதிப்பெண்தான் கணக்கு, நேர்காணலுக்கே இடமில்லை. அதனால் இந்தப் பேச்சு மற்ற சுகாதாரப் படிப்புகளுக்குத்தான் பொருந்தும்.

பக்கத்தில் யாராவது எழுதிக் காட்டினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டுவிட்டு, "சரி, அந்தப் பெரியவர் வாயைத் திறக்கவே மறுத்தால்?" என்று சூழ்நிலையைக் கொஞ்சம் திருப்பினால் போதும், சொந்தமாக யோசிக்கிறவர்கள் தெரிந்துவிடுவார்கள். கை வேலைத் திறமையைத் திரையில் பார்க்க முடியாது, வாஸ்தவம். ஆனால் தொட்டுச் செய்கிற வேலையைச் சொல்லிக்கொடுக்கத்தானே கல்லூரி இருக்கிறது?

இன்னொன்று, பணம். நேரில் என்றால் அப்பாவோ அண்ணனோ கூட வரணும், இரண்டு பேருக்கும் ராத்திரி பஸ், விடிகாலையில் பெங்களூர் சாந்திநகர் பஸ் நிலையத்தில் இறங்கி முகம் கழுவக்கூட இடம் தேடணும், அன்றைய கூலியும் போச்சு. இந்தச் செலவுக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்காகவே ஆன்லைன் தொடரட்டும் என்பேன்.

தங்கைக்கு: போனைக் கண் உயரத்துக்கு ஏதாவது மேல் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், வயர் உள்ள ஹெட்போன் போடட்டும். லைன் கட்டானால் திரும்பச் சேர விடுவார்களா, அந்த நேரத்தைக் கூட்டித் தருவார்களா, தமிழோ கன்னடமோ கலந்து பேசலாமா என்று இப்போதே கல்லூரிக்கு மெயில் போட்டுப் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.