கொத்தனாரை கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க: தண்ணிக் கசிவு கேள்வி பதில்

கேள்வி (கானாடுகாத்தான் பக்கம், ஒரு வாசகி): ஐயா காலத்து செட்டிநாட்டு வீடு எங்களுது. ரெண்டாங்கட்டுல (வீட்டோட ரெண்டாவது பகுதியில) பின்னாடி பாத்ரூம் கட்டினப்ப பைப் லைன் எல்லாம் தரைக்கு அடியில போட்டுட்டாங்க. ராத்திரி சம்ப் ரொம்பி இருக்கு, காலைல பாத்தா மூணு இஞ்சு கொறஞ்சு கெடக்கு, யாரும் பைப்பையே தொறக்கல. பிளம்பர் வந்து பாத்துட்டு தரையில பதிச்ச ஆத்தங்குடி கல்லு பூராத்தையும் பேத்தாத்தான் தெரியும்ங்கிறார். பேக்கவா?

பதில்: பேக்காதீங்க ஆச்சி. அது கண்ணாடி மேல கலர ஊத்தி கையால செய்ற கல்லு, ஒங்க ஐயா காலத்துல போட்ட அதே பச்சையும் அதே காவியும் இன்னைக்கு ஆத்தங்குடிக்கே போய் கேட்டாலும் அச்சு அசலா கிடைக்காது, புதுசு புதுசாத்தான் தெரியும். அதனால கொத்தனார் கொஞ்சம் வெளிய நிக்கட்டும், நீங்க ஒரு ஸ்கேலும் சாக்பீஸும் எடுங்க.

மொதல்ல கணக்கு. ஒங்க சம்ப் எட்டடிக்கு அஞ்சடின்னு வச்சுக்குவோம், அதுல ஒரு இஞ்சு தண்ணின்னா ஏறக்குறைய 94 லிட்டர். மூணு இஞ்சுன்னா ஒரு ராத்திரிக்கு 280 லிட்டர் போகுது. மூடி போட்ட சம்ப்ல வெயிலுக்கு ஆவியாகுறது ஒண்ணும் பெருசா இருக்காது, அத ஒரு காரணமா யாரும் சொன்னா கேக்காதீங்க. இவ்வளவு தண்ணி தினமும் ஒரே எடத்துல தரைக்கு அடியில போனா பெரும்பாலும் எங்கயாவது ஒரு மூலையில ஈரம் காட்டும். காட்டலன்னா ஆழமா மண்ணுக்குள்ளயே எறங்கலாம், இல்லன்னா தண்ணி வேற எங்கயோ போகலாம்.

இன்னொண்ணு, மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் போட்டிருக்கீங்களா? நிறைய பேர் இதத்தான் மறந்துடுறாங்க. மேல டேங்க்லயோ பாத்ரூம் லைன்லயோ ஒழுகி டேங்க் எறங்கினா, ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் தானா ஓடி சம்ப்லேர்ந்து ஏத்திடும், நீங்க தூங்கிட்டு இருப்பீங்க, காலைல எந்திரிச்சு சம்ப் கொறஞ்சிருக்கு சம்ப் கொறஞ்சிருக்குன்னு சம்ப்பவே பாத்துட்டு நிப்பீங்க, ஓட்டை இருக்குறது மாடியில.

அதனால இன்னைக்கு ராத்திரி இப்படி பண்ணுங்க. மோட்டார் ஸ்விட்ச மெயின்லயே ஆஃப். குடிநீர் வர்ற லைனோட வால்வையும் அடைச்சிடுங்க. மேல டேங்க்லேர்ந்து கீழ எறங்குற கேட் வால்வையும் மூடிடுங்க. சம்ப்லயும் டேங்க்லயும் தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு. காலைல சம்ப் மட்டும் கொறஞ்சிருந்தா ஓட்டை சம்ப் சுவத்துல, இல்லன்னா அடித் தரையில. டேங்க் மட்டும் கொறஞ்சிருந்தா டேங்க் இல்லன்னா அந்த கேட் வால்வு, பழைய வால்வு மூடினாலும் முழுசா மூடாது, அதையும் சந்தேகப்படுங்க. ரெண்டும் கொறயலன்னா மறுநாள் ராத்திரி டேங்க் வால்வ மட்டும் தொறந்து வச்சு பாருங்க. 1000 லிட்டர் டேங்க் மூணரை அடி அகலம்னா ஒரு இஞ்சு ஏறக்குறைய 23 லிட்டர், சின்ன ஒழுகல் கூட சம்ப்ப விட டேங்க்ல நல்லாத் தெரியும். அப்புறம் சமையக்கட்டு லைன், பாத்ரூம் லைன், தோட்டத்து லைன்னு ஒவ்வொரு ராத்திரியும் ஒண்ண அடைச்சு பாத்துட்டே வந்தா எந்த லைன்னு தெரிஞ்சிடும். தனித்தனி வால்வே இல்லன்னா மொதல் செலவு அதுதான், ஒடைக்கிற கூலிய விட கம்மி.

சம்ப்புதான்னு தெரிஞ்சா ரொப்பாம அப்படியே சில நாள் விட்டுப் பாருங்க. ஒரு மட்டத்துக்கு வந்து தண்ணி நின்னுடுச்சுன்னா விரிசல் அந்த ஒசரத்துலதான். நெறைய எடத்துல பைப் சுவத்துக்குள்ள நுழையுற எடம்தான் அது. நிக்காம அடி வரைக்கும் போச்சுன்னா தரையில.

லைன்தான்னு தெரிஞ்சா அப்பவும் பூராத்தையும் பேக்க வேண்டியதில்ல, அந்தக் கல்லே காட்டிக் குடுக்கும். ஆத்தங்குடி கல்லு சூளையில சுட்டதில்ல, சிமெண்டுதான், கீழேர்ந்து ஈரத்த உறிஞ்சும். தரையத் தொடச்சுட்டு ஃபேன போட்டு விடுங்க, மத்தியானத்துக்குள்ள எல்லாக் கல்லும் காஞ்சு ஒரே நெறத்துக்கு வரும், எது மட்டும் கறுத்தே இருக்கோ இல்ல ஓரத்துல வெள்ளையா உப்பு பூக்குதோ அங்க குறி வைங்க. ஆனா ஒண்ணு, தண்ணி ஒழுகுற எடத்துலயே மேல வராது, சரிவுக்கு ஓடி வரும், நம்ம வீட்டு தரையெல்லாம் வளவு வாசலப் (நடு முற்றத்தப்) பாத்துதான் வாட்டம் குடுத்திருப்பாங்க, அதனால ஈரக் கல்லுலேர்ந்து மேட்டுப் பக்கமா பைப் போற வழியில மொத ஜாயிண்ட் எங்கன்னு பாத்து அங்க ஒரு கல்ல மட்டும் எடுங்க, பதமா எடுத்தா திரும்ப அதையே பதிக்கலாம்.

கேள்வி (தேவகோட்டை): வீட்ல எங்கயும் ஈரமே இல்ல, சுவரு காஞ்சு கெடக்கு, ஆனா முன்னாடி ஒரு தடவ போட்ட மோட்டார இப்ப ரெண்டு தடவ போட வேண்டியிருக்கு. தண்ணி எங்கதான் போகுது?

பதில்: பெரும்பாலும் கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க்தான். உள்ள இருக்குற ரப்பர் வாஷர் தேஞ்சு போயி சத்தமே இல்லாம கோப்பைக்குள்ள எறங்கிட்டே இருக்கும், நேரா செப்டிக் டேங்க்குக்கு போயிடுறதால ஒரு சொட்டு ஈரம் வெளிய தெரியாது. படுக்கப் போறப்ப ஃப்ளஷ் டேங்க்ல சொட்டு நீலம் கொஞ்சம் ஊத்திட்டு விட்டுடுங்க, யாரும் ஃப்ளஷ் பண்ணக் கூடாது, அரை மணி கழிச்சு கோப்பையில நீலம் எறங்கியிருந்தா அவ்வளவுதான், வாஷர மாத்துங்க. நீலம் வரலன்னா மிதவைய பாருங்க, அது சரியா மூடலன்னா தண்ணி நடுக் குழாய் வழியா வழிஞ்சிட்டே இருக்கும்.

அதுவும் இல்லன்னா போர் மோட்டார். டேங்க் ரொம்ப முன்ன விட ரொம்ப நேரம் ஆகுதுன்னா போர்க்குழிக்குள்ள எறங்குற பைப் ஜாயிண்ட்ல ஒழுகி தண்ணி திரும்ப குழிக்குள்ளயே விழலாம். தண்ணி வீணாகுறதில்ல, கரண்ட்டுதான் வீணாகுது.

கேள்வி (பள்ளத்தூர்): வளவு சுவத்துல மூணடி ஒசரத்துக்கு பூச்சு பொரிஞ்சு கொட்டுது. செவுத்துக்குள்ள பைப் ஒழுகுதுங்கிறார் ஒருத்தர், சிமெண்ட் பூசி வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா நின்னுடும்ங்கிறார் இன்னொருத்தர்.

பதில்: ரெண்டாவது ஆள மொதல்ல நிறுத்துங்க. கடுக்காய்த் தண்ணியும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து சுண்ணாம்பு பூசின சுவரு மூச்சு விடுற சுவரு, உள்ள போற ஈரம் தானா வெளிய காஞ்சிடும். அது மேல சிமெண்ட்டும் பிளாஸ்டிக் பெயிண்ட்டும் ஏத்தினா ஈரம் வெளிய வர வழி இல்லாம இன்னும் மேல ஏறும், இன்னைக்கு மூணடி, நாளைக்கு அஞ்சடி, அப்புறம் தேக்கு நிலை, உத்திரம்னு போயி கரையானுக்கு விருந்து வைக்கும். பர்மாவுலேர்ந்து கப்பல்ல வந்த தேக்கு அது, அத ஒரு டப்பா பெயிண்ட்டுக்காக கெடுத்துக்காதீங்க.

இப்ப பைப் கசிவா, உவரா (தரையிலேர்ந்து உப்போட ஏறுற ஈரமா)ன்னு கண்டுபிடிக்கணும். சுவரு நெடுக ஒரே மட்டத்துக்கு, ஏறக்குறைய மூணடி வரைக்கும் பொரிஞ்சு, வெள்ளை வெள்ளையா உப்பு பூத்திருந்தா அது தரையிலேர்ந்து ஏறுற ஈரம், பைப்புக்கு சம்பந்தமே இல்ல. திட்டா ஒரு எடத்துல மட்டும் இருந்து சித்திரை வெயில்லயும் காயாம இருந்தா பைப். ஐப்பசி கார்த்திகையில மட்டும் வந்து தையில காஞ்சு போனா மழத்தண்ணி, அப்ப மாடியில தட்டோடு சந்துலயும் வளவு தாழ்வாரத்து ஓரத்துல தண்ணி எறங்குற தகரக் குழாய்லயும் பாக்கணும், இலை அடைச்சு தண்ணி சுவத்துப் பக்கம் திரும்பியிருக்கும். நம்ம ஊர் வீடுகள கட்டினவுங்க கூரைத் தண்ணி அத்தனையும் வளவுக்குள்ள விழுந்து, வேணுங்கிறத அண்டாவுல புடிச்சுட்டு மிச்சம் தெருவுக்குப் போயி ஊருணிக்கு சேர்ற மாதிரிதான் அமைச்சாங்க. நடுவுல எவனோ ஒருத்தன் வளவு வாசல் தண்ணி போற வழிய அடைச்சு தளம் போட்டிருப்பான், அது தெரியாம நாம பைப்ப தேடிட்டு இருப்போம். அதையும் பாருங்க.

சந்தேகமா இருந்தா ஒரு முழ பாலிதீன் பேப்பர சுவத்துல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. பேப்பருக்கும் சுவத்துக்கும் நடுவுல தண்ணி கோத்திருந்தா ஈரம் சுவத்துக்குள்ளேர்ந்து வருது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தா அது காத்துல இருக்குற ஈரம்தான், சன்னல தொறந்து வச்சாலே போதும்.

கேள்வி (கோட்டையூர்): பழைய ஜிஐ பைப்புதான் (துத்தநாகம் பூசின இரும்பு பைப்) இன்னும் ஓடுது. எந்த எடத்துல மொதல்ல ஓட்டை விழும்?

பதில்: பித்தள வால்வோ பித்தள பைப்போ ஜிஐயோட சேர்ற மரையில. ரெண்டு வேற வேற உலோகம் தண்ணியில ஒண்ணா இருந்தா ஜிஐ மேல இருக்குற துத்தநாகம்தான் மொதல்ல கரையும், அது போனா இரும்பு. அங்க துருக்கறை காப்பிக் கலர்ல வழிஞ்சிருக்கும். துருவ பத்தி ஆராய்ச்சி பண்றதுக்குன்னே ஆளுக இருக்குற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம்ம காரைக்குடியிலதான் இருக்கு, 1948ல அடிக்கல் போட்டது, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சமும் குடுத்து வந்தது. அவ்வளவு பக்கத்துல வச்சுக்கிட்டும் நாம பித்தளையையும் ஜிஐயையும் நேரா மாட்டிட்டு இருக்கோம். நடுவுல ஒரு பிளாஸ்டிக் இணைப்பு போடச் சொல்லுங்க. ஓட்டை ஒண்ணு விழுந்துடுச்சுன்னா அந்த லைன் முழுசையும் மாத்துறதுதான் நல்லது, அடுத்தது ரொம்ப தூரத்துல இருக்காது.

கேள்வி (புதுவயல்): மிஷின் வச்சு கண்டுபிடிக்கிறோம்னு ஒரு கம்பெனிக்காரர் வந்தார். நம்பலாமா?

பதில்: மிஷின் பொய் சொல்லாது, ஆனா எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. தெர்மல் கேமரா தண்ணிய பாக்குறதில்ல, சூடு வித்தியாசத்த பாக்குது, ஹீட்டர் லைன்னா நல்லா காட்டும், ரெண்டடி கனத்து சுண்ணாம்புச் சுவத்துக்குள்ள பச்சத் தண்ணின்னா தடுமாறும். சத்தம் கேக்குற மிஷினும் இரும்பு பைப்ல கேக்குற அளவு பிவிசியில கேக்காது, அதுவும் நம்ம டேங்க் தண்ணிக்கு அழுத்தம் கம்மி, 10 மீட்டர் ஒசரத்துக்கு ஒரு பார் (அழுத்தத்த அளக்குற அலகு)தான், ஆறு மீட்டர் ஒசரத்துல டேங்க் இருந்தா 0.6. அதனால கை பம்ப் வச்சு அழுத்தம் ஏத்திட்டு கேக்குறாரான்னு கேளுங்க. அழுத்தம் ஏத்தி வால்வ மூடி அழுத்தமானி முள்ளு எறங்குதான்னு பாத்தாலே அந்த லைன்ல கசிவு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும், அதுக்கு மிஷினே வேணாம். ஹைட்ரஜன் 5 பங்கு நைட்ரஜன் 95 பங்கு கலந்த வாயுவ பைப்ல விட்டு மேல மோப்பம் புடிக்கிற முறையும் இருக்கு, பிவிசிக்கு அதுதான் தேவலாம்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து): ஊர்ல வீடு பூட்டிக் கெடக்கு, படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கிறதுக்கும்) கல்யாணத்துக்கும்தான் வர்றோம். போன தடவ வந்தப்ப மூணாங்கட்டு பூரா ஓதம். இங்கேர்ந்தே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: கரண்ட் பில்ல பாருங்கண்ணே. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ரீடிங் எடுக்குறாங்க, எத்தன யூனிட்னு ஆன்லைன்லயே தெரியும். 100 யூனிட் வரைக்கும் காசு இல்லாததால பில்லு சைபர்னு வந்ததும் நிம்மதியாயிடுறோம், யூனிட்ட பாக்குறதில்ல. பூட்டின வீட்ல 40 யூனிட் 60 யூனிட் ஓடியிருந்தா யாரோ ஓட்டியிருக்கணும், ஃப்ரிட்ஜும் ஓடல லைட்டும் எரியலன்னா ஆட்டோமேட்டிக் மோட்டார்தான் ஒழுகுற தண்ணிய திரும்பத் திரும்ப ஏத்திட்டு இருக்கு. கெளம்புறப்ப மோட்டார் மெயின ஆஃப் பண்ணி, டேங்க்லேர்ந்து எறங்குற வால்வ மூடி, வீட்டு பைப் ஒண்ண தொறந்து லைன்ல இருக்குறத வடிச்சு விட்டுட்டுப் போங்க. வீட்டப் பாத்துக்குறவர்கிட்ட மாசம் ஒருக்கா டேங்க் மட்டத்த மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போடச் சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்.

கேள்வி (ஊர் பேர் வேண்டாம்): ஒரே வீட்ல பங்காளிக வெவ்வேற பகுதியில இருக்கோம். அவுங்க பாத்ரூம் தண்ணி எங்க அறைச் சுவத்துல வருது. இல்லவே இல்லங்கிறாங்க.

பதில்: சண்டைக்கு முன்னாடி அவுங்கள வச்சுக்கிட்டே சோதன பண்ணுங்க, தனியா பண்ணினா ஒத்துக்க மாட்டாங்க. அவுங்க பாத்ரூம் வடிகால் வாய துணி வச்சு அடைச்சு ஒரு இஞ்சு தண்ணி நிறுத்தி ஒரு நாள் விடணும், கோடு போட்டு வைங்க. கொறஞ்சுதுன்னா தரையிலயோ அந்த வடிகால் வாய் ஓரத்துலயோ ஓட்டை. கொறயலன்னா துணிய எடுத்துட்டு கலர் கலந்த தண்ணிய நெறைய ஊத்துங்க, ஒங்க சுவத்துல கலரோட வந்தா கழிவு பைப். ரெண்டும் இல்லன்னா அவுங்க சொன்னது சரியா இருக்கலாம், ஒங்க பக்கத்து லைன்லயே தேட ஆரம்பிங்க.