குறை பின்னங்களில் குறுக்குப் பெருக்கல் சில நேரம் மட்டும் தவறுவது ஏன்?

−3/4, −5/7 ஆகிய இரண்டில் எது பெரியது என்றும், குறுக்குப் பெருக்கல் ஒரு முறை சரியான விடையையும் மறுமுறை தலைகீழான விடையையும் தருவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெரியது −5/7. பகுதிகள் 4, 7 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 28 என்பதால், முதல் பின்னம் −21/28 ஆகவும் இரண்டாவது −20/28 ஆகவும் மாறுகின்றன. எண்கோட்டில் −20 என்பது −21க்கு வலப்பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிதான் சுவையானது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு விகிதமுறு எண்கள் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தபோது நானே அதில் வழுக்கினேன். கணக்கில் முதல் பின்னம் 3/(−4) என்றும் இரண்டாவது (−5)/7 என்றும் அச்சாகியிருந்தன. வழக்கம்போல் 3 × 7 = 21, (−5) × (−4) = 20 என்று பெருக்கி, 21 பெரியது, ஆகவே 3/(−4) பெரியது என்று எழுதிவிட்டேன். விடைப்பகுதியில் நேர்மாறாக இருந்தது. புத்தகத்தில்தான் அச்சுப்பிழை என்று சிறிது நேரம் நம்பவும் செய்தேன்.

குறுக்குப் பெருக்கல் என்பது உண்மையில் இரு பின்னங்களையும் அவற்றின் பகுதிகளின் பெருக்கற்பலனால் பெருக்குவதுதான். நேர் எண்ணால் பெருக்கினால் பெரியது பெரியதாகவே இருக்கும். குறை எண்ணால் பெருக்கினால் வரிசை புரண்டுவிடும், 2 < 3 என்பது −2 > −3 ஆவதைப் போல. என் கணக்கில் (−4) × 7 = −28 என்னும் குறை எண்ணால் பெருக்கிவிட்டு, குறியைத் திருப்ப மறந்திருந்தேன். இரண்டு பகுதிகளிலுமே மைனஸ் இருந்தால் பெருக்கற்பலன் +28 ஆகிவிடுவதால் தவறு வெளியே தெரியாது: 3/(−4), 5/(−7) ஆகியவற்றுக்கு 3 × (−7) = −21, 5 × (−4) = −20 என்று வந்து, 5/(−7) பெரியது என்ற சரியான விடையே கிடைக்கும். உங்களுக்கு விடை மாறி மாறி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். ஆகவே பெருக்கத் தொடங்கும் முன் மைனஸ் குறியைத் தொகுதிக்கு ஏற்றிவிடுங்கள்.

"குறை எண் என்றால் எல்லாம் தலைகீழ்" என்று மனப்பாடம் செய்ய வைப்பது எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் ஒன்று நேர் எண்ணாக இருக்கும்போதும் பிள்ளைகள் அதைத் திருப்பிவிடுகிறார்கள். அதைவிடக் கடன் என்று நினைப்பது எளிது. 628ஆம் ஆண்டிலேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் குறை எண்ணைக் கடன் என்றும் நேர் எண்ணைச் செல்வம் என்றும்தான் எழுதினார். முக்கால் ரூபாய் கடன்பட்டவரைவிட அரை ரூபாய் கடன்பட்டவர் நல்ல நிலையில் இருக்கிறார், எனவே −1/2 பெரியது.

−7/8, −8/9 போன்றவற்றுக்குப் பெருக்கலே வேண்டாம். முன்னது −1க்கு 1/8 தொலைவிலும் பின்னது 1/9 தொலைவிலும் வலப்பக்கம் நிற்கின்றன. 1/8 பெரிய தொலைவு என்பதால் −7/8தான் பெரியது.