கடலும் மூடிக்கிடக்குது, கண்ணும் மூடிக்கிடக்குதா?

கேள்வி: என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். நான் மீன் விற்கிறேன். மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் சேர்ந்து வேலை செய்யும் குழுவில் நானும் இருக்கிறேன். மே மாதம் கூடியபோது, வகுப்பறைக்குப் பெயின்ட் அடிக்க வீட்டுக்கு 500 ரூபாய் என்றார் ஒரு அம்மா. எனக்கு வந்த கோபத்தில், "கடலும் மூடிக்கிடக்குது, உங்க கண்ணும் மூடிக்கிடக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அழுதுகொண்டே போனவர், அப்புறம் குழுவுக்கு வரவே இல்லை. "இனிமேல் எல்லாரும் பாசிட்டிவாகப் பேசுங்கள்" என்று என்னைப் பார்த்தே சொல்கிறார்கள். எனக்கு நைசாகப் பேச வராது. நான் கேட்டது தப்பா?
– வாசகி, காசிமேடு

பதில்: பணத்தைப் பற்றிக் கேட்டது தப்பில்லை, சகோதரி. கண்ணைப் பற்றிக் கேட்டீர்களே, அது தப்பு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும் அந்த நாட்களில் 500 ரூபாய் என்பது வீட்டு அரிசிக் காசு. அதை யாராவது சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், பக்கத்து வீட்டுக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வட்டிக்கு வாங்கியாவது கொடுத்திருப்பார்கள். அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிற 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அதில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. சும்மா தலையாட்டிவிட்டு டீ குடித்துப் போவதற்கா அத்தனை பேர்? உங்களுடையது பெற்றோர் தாங்களாகச் சேர்ந்த குழுவாக இருந்தாலும் இதேதான்.

அதனால் "பாசிட்டிவாகப் பேசுங்கள்" என்பதற்கு, குறையே சொல்லாதீர்கள் என்று பொருள் எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நான் இருந்த ஒரு பள்ளிக் குழுவில் எதற்கெடுத்தாலும் "சூப்பர்ங்க, சூப்பர்ங்க" என்பார்கள். பள்ளி கேட்டைத் தாண்டியதும் ஆட்டோ ஸ்டாண்டு வரை அதே ஆளைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். முகத்துக்கு நேரே கேட்ட நீங்கள் அவர்களைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் பேச்சு வழக்கையும் மாற்ற வேண்டாம். சத்தமாகப் பேசுவது நம் வடசென்னையில் ஒரு குற்றமே இல்லை. எம்.சி. ரோட்டில் புடவைக்குப் பேரம் பேசுகிறவர்களைப் பாருங்கள், தொண்டை கிழியக் கத்துவார்கள், சிரித்துக்கொண்டே பிரிவார்கள். அங்கே சண்டை புடவை விலையோடுதான். நீங்கள் 500 ரூபாயில் ஆரம்பித்து, ஒரே மூச்சில் அந்த அம்மாவின் மனசாட்சிக்குப் போய்விட்டீர்கள். அதுவும் இத்தனை பேர் முன்னால். மாதச் சம்பள வீடாக இருந்தால் அவருக்குத் தடைக்காலக் கணக்கு தெரிந்திருக்குமா? கடை கடையாக ஏறி விலை கேட்டு, அந்த 500ஐக் கணக்குப் போட்டவரும் அநேகமாக அவராகத்தான் இருப்பார். அதற்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னீர்களா?

இப்படிக் கேட்டிருக்கலாம்: "அக்கா, கடை கடையா அலைஞ்சு விலை கேட்டுட்டு வந்திருக்கீங்க, பெரிய வேலை. ஆனா இப்ப தடைக்காலம், எங்க தெருவுல யார் கையிலயும் காசு இல்ல. படகு போனதும் வெச்சுக்கலாமா? இல்லன்னா காசு குடுக்கறவங்க குடுக்கட்டும், நாங்க வந்து சுவரு சுரண்டிக் கழுவித் தர்றோம்." இதில் நைசு எதுவும் இல்லை, நீங்கள் சொல்ல நினைத்த எதுவும் விட்டுப்போகவும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்வது? மன்னிப்பு கேளுங்கள். பணம் கேட்டதை எதிர்த்ததற்கு அல்ல, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பத்துப் பேர் கும்பிடு பொம்மை போடுவார்கள், அவர் இன்னும் கூசிப்போவார். நேரில் போங்கள். "நீங்க தப்பா எடுத்துட்டிருந்தா" என்று ஆரம்பிக்கவே வேண்டாம், அது மன்னிப்பே இல்லை. தடைக்காலத்துக் கஷ்டத்தையும் அன்றைக்கு விளக்க உட்காராதீர்கள். "கோவத்துல பேசிட்டேன் அக்கா, அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றால் போதும். அடுத்த கூட்டத்தில் அவர் போட்ட கணக்கை நீங்களே எடுத்துப் பேசுங்கள். அழுத இடத்துக்குத் திரும்பி வர அவருக்கும் ஒரு வழி வேண்டுமே.

இப்போது படகுகள் போய் வருகின்றன. வெறுங்கையோடு போகச் சங்கடமாக இருந்தால் நாலு சங்கரா எடுத்துப் போகலாம். ஆனால் முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் மீன். மீனைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை முழுங்கிவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் வீட்டில் மீன் சாப்பிடுவார்களா என்பதையும் முன்னாடியே யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.