உட்காரும், ஆனால் ஓடாது: பழைய ஜீப் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது வில்லிஸ் 134 வகை நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் உள்ள ஜீப். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. அதே வகை இன்னொரு இன்ஜினிலிருந்து நல்ல கேம் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தது. பிளாக்கில் அழகாக உட்காருகிறது. பூட்டிவிடலாமா?

பதில்: உங்கள் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் கேமைச் சுற்றுவது செயினாலா, கியராலா? அந்தக் கேம் எந்த இன்ஜினிலிருந்து வந்தது? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் பூட்டாதீர்கள்.

இரண்டாம் உலகப் போர்க் கால ஜீப்புகளில் இந்த இன்ஜினுக்கு டைமிங் செயின். போர் முடிந்து சிவிலியன் ஜீப்புகள் வரத் தொடங்கிய பிறகு டைமிங் கியருக்கு மாற்றினார்கள். இன்லெட் வால்வு ஹெட்டில் இருக்கும் எஃப்-ஹெட் வகை எல்லாமே கியர்தான். சைக்கிளில் பெடலும் பின் சக்கரமும் ஒரே பக்கம் சுற்றுவது போல, செயின் இருந்தால் கிராங்கும் கேமும் ஒரே திசையில் சுற்றும். கியரில் பல்லோடு பல் கோர்ப்பதால் கேம் எதிர்த்திசையில் சுற்றும். ஆகவே செயின் இன்ஜின் கேமைக் கியர் இன்ஜினில் போட்டால், அதற்கென்று கடைந்த திசைக்கு நேர்மாறாக அது ஓடும். எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் திறப்பதற்குப் பதிலாக, இன்லெட் முடிந்த கையோடு எக்ஸாஸ்ட் திறக்கும். உறிஞ்சிய பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குப் போகும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகாது.

பூட்டியாகிவிட்டது, சந்தேகம் இருக்கிறது என்றால் இப்படிப் பாருங்கள். வால்வுகளைத் தள்ளும் டேப்பெட்களின் மூடியைக் கழற்றுங்கள். எஃப்-ஹெட் என்றால் மேல் மூடியையும் எடுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, ஹேண்டில் போட்டு இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். முதல் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்து மூடும். அது மூடி முடிகிற இடத்தில், பிஸ்டன் மேலே இருக்கும்போது, இன்லெட் திறக்கத் தொடங்க வேண்டும். இன்லெட் மூடிய பிறகு கிராங்க் ஏறக்குறைய முக்கால் சுற்று சுற்றும் வரை இரண்டு வால்வும் அசையக் கூடாது. கம்ப்ரஷனும் பவரும் நடக்கும் நேரம் அது. இன்லெட் மூடியதும் எக்ஸாஸ்ட் எழுந்தால் கேம் மாறிப்போயிருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

கேமோடு சிக்கல் முடிவதில்லை. ஆயில் பம்பை ஓட்டுவது கேமில் இருக்கும் சாய்வுப் பல் கியர். அந்தப் பம்ப் ஷாஃப்ட்தான் டிஸ்ட்ரிபியூட்டரையும் சுற்றுகிறது. கேம் சுற்றும் திசை மாறினாலும் டிஸ்ட்ரிபியூட்டர் பழைய திசையிலேயே சுற்ற வேண்டும் என்பதால், கியர் இன்ஜினுக்குப் பல்லின் சாய்வையே மாற்றிவிட்டார்கள். ஆகவே செயின் இன்ஜின் பம்பும் கியர் இன்ஜின் பம்பும் வெளியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, பற்கள் வலப்பக்கம் சாய்கிறதா இடப்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். மாறிய பம்பு கையால் தள்ளினால் முழுதாக உள்ளே போகாது. போல்ட்டை இறுக்கி இழுத்தால் போகும். முதல் சுற்றிலேயே பல் போய்விடும். பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒளி தெரிந்தால், ஸ்பேனரைக் கீழே வையுங்கள்.

சரியான பம்பாகவே இருந்தாலும், கழற்றுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே சுற்றும் ரோட்டார் எந்தப் பக்கம் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். பம்ப் ஷாஃப்ட் முனையில் இருக்கும் வெட்டு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் இக்னிஷன் டைமிங் மொத்தமாகத் தவறிவிடும்.

கேள்வி: லேண்ட் ரோவர் சீரிஸ் 3, 2.25 லிட்டர் பெட்ரோல். கிராங்க் உடைந்துவிட்டது. அதே 2.25 லிட்டர் இன்ஜினின் கிராங்க் ஒன்று கிடைத்தது. ஆனால் அதில் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் இடம் ஐந்து இருக்கிறது, என்னுடையதில் மூன்று. லேத்தில் கடைந்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியாது. 1980-ல் அந்த இன்ஜினை மூன்று பேரிங்கிலிருந்து ஐந்துக்கு மாற்றினார்கள். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 90.47 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ., 2,286 சி.சி. என்று எல்லாம் அப்படியே இருந்ததால்தான் இந்தக் குழப்பம். பிளாக்கே வேறு. மூன்று பேரிங் பிளாக்கில் மற்ற இரண்டுக்கும் உட்கார இடமே கிடையாது. மூன்று பேரிங் கிராங்க் ஒன்று தேடுங்கள், அல்லது ஐந்து பேரிங் இன்ஜினைப் பிளாக்கோடு எடுங்கள்.

கேள்வி: நான்கில் ஒரு பிஸ்டன் உடைந்துவிட்டது. சிலிண்டர் போரில் கீறல் இல்லை. அதே அளவில் வேறு கம்பெனி பிஸ்டன் ஒன்று மட்டும் மாற்றினால் போதுமா? கூடவே ஒரு கனெக்டிங் ராட்டும் பழைய இன்ஜினிலிருந்து எடுத்துப் போடப் போகிறேன்.

பதில்: 'அதே அளவு' என்று எல்லோரும் சொல்வது விட்டத்தை மட்டும். பிஸ்டனுக்கு இன்னும் நான்கு அளவு இருக்கிறது.

முதலாவது, பிஸ்டனையும் கனெக்டிங் ராட்டையும் இணைக்கும் பின்னின் துளை நடுவிலிருந்து மேல் தலை வரைக்குமான உயரம். இது அரை மி.மீ. கூடினாலே அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷன் தனியாகிவிடும். டீசலில் ஹெட்டிலேயே இடிக்கும். பழைய மூன்று பிஸ்டனில் ஒன்றையும் புதியதையும் ஒரே பின்னில் கோர்த்துத் தொங்கவிட்டு, தலைமட்டத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரண்டாவது, பின்னின் விட்டமும் அது நடுவிலிருந்து எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பதும். ஒதுக்கம் இருக்கும் பிஸ்டனில் முன்பக்கம் காட்டும் அம்புக்குறியோ வெட்டோ இருக்கும். மூன்றாவது, ரிங் காடிகளின் அகலம். நான்காவது எடை. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து நிறுத்தால் நான்குக்கும் நடுவே சில கிராமுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. கூடினால் பின் துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியின் அடியில் கொஞ்சம் உரசி எடுப்பார்கள். தலைப்பகுதியிலோ பாவாடைப் பகுதியிலோ கை வைக்கக் கூடாது.

புது ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதால் நேராகக் கீழே தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளங்கள். பெட்ரோல் இன்ஜினில் போர் விட்டத்தின் 25 மி.மீ.க்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. வீதம் வேண்டும், 90 மி.மீ. போர் என்றால் 0.35 மி.மீ. வரும். குறைவாக இருந்தால் சூட்டில் இரு முனையும் முட்டி ரிங் இறுகும், போரைக் கிழிக்கும். போர் தேய்ந்திருந்தால் மேலும் கீழும் அளவு மாறும். அதனால் தேய்மானம் குறைவாக இருக்கும் அடிப்பகுதியில் அளந்து முடிவு செய்யுங்கள்.

இனி ராட். ராட்டை மாற்றினால் அதன் மூடியோடு சேர்த்துத்தான். இந்த ராட்டின் மூடியை அந்த ராட்டில் போடுவது பல ஷெட்டுகளில் நடக்கிறது. தவறு. ராட்டையும் மூடியையும் சேர்த்து இறுக்கிய பிறகுதான் வட்டத்தைக் கடைகிறார்கள். ஜோடி மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது. பேரிங் ஓரிடத்தில் கிராங்கைப் பிடிக்கும், இன்னோரிடத்தில் ஆயிலை விட்டுவிடும். மெயின் பேரிங் மூடிகளுக்கும் இதே கதைதான். எண் குத்தியிருக்கும், இல்லையென்றால் கழற்றுவதற்கு முன்பே நீங்கள் குத்துங்கள்.

வந்த ராட் எந்த அளவு கிராங்கில் ஓடியது என்பது இங்கே முக்கியமில்லை. உங்கள் கிராங்கை மைக்ரோமீட்டரால் அளந்து அதற்கேற்ற பேரிங் வாங்குங்கள். கடைந்து மெலிந்த கிராங்குக்கான அண்டர்சைஸ் பேரிங் 0.25, 0.50, 0.75 மி.மீ. என்று போகும், அங்குலக் கணக்கு இன்ஜினில் 0.010, 0.020, 0.030. பேரிங்கின் முதுகில் குத்தியிருக்கும் எண்ணைப் படியுங்கள், டப்பாவை நம்பாதீர்கள். பிறகு பிளாஸ்டிகேஜ் நூலைக் கிராங்க் மேல் நீளவாக்கில் வைத்து, மூடியைச் சரியான டார்க்கில் இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். 50 மி.மீ. ஜர்னலுக்கு (கிராங்கில் பேரிங் உட்காரும் இடம்) 0.05 மி.மீ. இடைவெளி ஓரளவு சரி. மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே கணக்கு.

கேள்வி: பழைய ஜீப்பில் ஃப்ளைவீல் மாற்றிய பிறகு ஸ்டார்ட்டர் கரகரவென்று கத்துகிறது. ஸ்டார்ட்டர் புதிது.

பதில்: பல்லை எண்ணுங்கள். நீங்கள் எந்த இன்ஜின் என்று எழுதவில்லை. வில்லிஸ் வகை என்றால் ஃப்ளைவீலின் விளிம்பில் இருக்கும் ரிங் கியரில் பழைய 6 வோல்ட் காலத்தில் 97 பல், பிந்தைய 12 வோல்ட் இன்ஜினில் 129 பல். கத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஸ்டார்ட்டர் அப்படியே பூட்டும். ஆனால் அதன் சிறு பல் சக்கரமான பினியனின் பல் அளவு வேறு. விட்டுவைத்தால் பினியன் தேயும், பிறகு ஸ்டார்ட்டரின் முன் கூடு விரிசல் விடும். ஃப்ளைவீலுக்குப் பொருந்தும் ஸ்டார்ட்டரைப் போடுங்கள், அல்லது ரிங் கியரை மட்டும் மாற்ற வழியிருந்தால் சூடேற்றி இறக்குங்கள்.

கையோடு கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் முனை உட்காரும் பைலட் புஷ்ஷையும் பாருங்கள். ஃப்ளைவீலோ கிராங்கோ மாறினால் அதன் உள்விட்டமும் மாறலாம். லூஸாக இருந்தால் கிளட்ச் அதிரும். டைட்டாக இருந்தால் கிளட்சை மிதித்தாலும் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். நின்ற இடத்தில் முதல் கியர் விழாது.

கேள்வி: டொயோட்டா லேண்ட் க்ரூஸரில் 3பி டீசல். ஹெட் விரிசல். 13பி ஹெட் கிடைக்கிறது. இரண்டும் 102 மி.மீ. போர், 105 மி.மீ. ஸ்ட்ரோக், 3,431 சி.சி. என்பதால் மாற்றலாம் என்கிறார்கள்.

பதில்: சொன்னவர் சி.சி.யை மட்டும் பார்த்திருக்கிறார். 3பி-யில் டீசல் எரியத் தொடங்குவது ஹெட்டுக்குள் இருக்கும் சிற்றறையில். 13பி நேரடி இன்ஜெக்‌ஷன். எரியும் குழி பிஸ்டன் தலையில் இருக்கிறது. நேரடி ஹெட்டை 3பி பிஸ்டன் மேல் வைத்தால் எரிய இடமே இல்லை. பிஸ்டனை மாற்றினாலும் நாசில் வேறு. சிற்றறை இன்ஜினுக்கு ஊசிமுனை நாசில், நேரடிக்குப் பல துளை நாசில். பின்னது கூடுதல் அழுத்தத்தில் திறக்கும், பம்பும் அதற்கேற்றது. மாற்றுவதென்றால் 13பி இன்ஜினையே மாற்றுங்கள். 3பி-க்கு 3பி ஹெட்தான்.

எந்த டீசலிலும் ஹெட் அல்லது பிஸ்டன் மாறினால் பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளங்கள். பிஸ்டன் பின் இருக்கும் கோட்டுக்கு நேர் மேலே, முன்னும் பின்னும் இரண்டு இடம். அப்போதுதான் பிஸ்டன் சாய்வது கணக்கைக் கெடுக்காது. எல்லாவற்றிலும் அதிகமாக எழுவது எதுவோ அதை வைத்தே கேஸ்கெட் தடிமன். பல கேஸ்கெட்களின் ஓரத்தில் உள்ள வெட்டுகளின் எண்ணிக்கை அந்தத் தடிமனைக் காட்டும். பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த ஓரத்துக்காகவாவது வைத்திருங்கள்.

கேள்வி: மாற்றி வாங்கிய மேனிஃபோல்டுக்குப் பழைய போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகி நிற்கிறது. ஆயில் விட்டு இறுக்கலாமா?

பதில்: கூடாது. அங்குல போல்ட்டும் மெட்ரிக் துளையும் சந்திக்கும் இடம் அது. 5/16 அங்குலம் 7.94 மி.மீ., எம்8-க்கு மிக அருகில். ஆனால் கரடு மரை 5/16-ன் மரைக்கு மரை தூரம் 1.41 மி.மீ., எம்8-க்கு 1.25. இரண்டு சுற்று ஏமாற்றும், மூன்றாவதில் மரையை அறுக்கும். இதைவிட மோசம் 3/8-ஐ எம்10 துளையில் போடுவது. 9.5 மி.மீ. மட்டுமே இருப்பதால் லொடலொடவென்று உள்ளே போய்விடும். இறுக்கியது போலத் தெரியும், சூடு ஏறினால் கழன்று வரும். பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் விட்வொர்த் மரையும் உண்டு. அதன் கோணம் 55 டிகிரி, மற்றவை 60. மரை கேஜ் ஒன்று கையில் இருந்தால் போல்ட்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல்லுக்கு நடுவே ஒளி வந்தால் அது அந்த மரை இல்லை.

ஹெட் போல்ட் மாறினால் நீளத்தையும் பாருங்கள். அடி மூடிய துளையில் நீள போல்ட் தரையைத் தட்டி நிற்கும். டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும், ஹெட்டோ இறுகியிருக்காது. துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் அதுவே பிளாக்கைப் பிளக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு, ஹெட் இல்லாமலே போல்ட்டைக் கையால் முழுக்கச் சுற்றி இறக்குங்கள். பிளாக்குக்கு மேல் வெளியே நிற்கும் நீளம், ஹெட்டும் கேஸ்கெட்டும் வாஷரும் சேர்ந்த தடிமனைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.