மருமகன் அனுப்பிய மூன்று படங்கள் (கடிதமும் பதிலும்)

அன்பின் தம்பிக்கு,

வயதில் மூத்தவன் என்றபடியால் தம்பி என்றே எழுதுகிறேன். நான் களுவாஞ்சிகுடி, ஓய்வுபெற்ற ஆசிரியர். வெல்லாவெளிப் பக்கம் ஆறு ஏக்கர் வயல் செய்கிறேன். யானையும் பன்றியும் வருவதால் கச்சேரி அனுமதிப்பத்திரத்தோடு பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல் துவக்கு ஒன்றும் வைத்திருக்கிறேன்.

என் தங்கையின் மகன் ஹியூஸ்டனில் இருக்கிறான், அங்கேயே பிறந்தவன். போன மாதம் 21 வயது முடிந்தது. பகலில் பல்கலைக்கழகம், இரவில் பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை. தகப்பன் எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். தங்கை மூத்த மகளோடு டலஸில். இவன் தனியே ஓர் அபார்ட்மெண்டில் இருக்கிறான். நித்திரை வருவதில்லை என்று அடிக்கடி சொல்வான்.

அவன் வேலை செய்யும் தெருவில் இரண்டு கடைகளில் கொள்ளை நடந்ததாம். கைத்துப்பாக்கி வாங்கப் போகிறேன், இதில் எது நல்லது மாமா என்று வாட்ஸப்பில் மூன்று படம் அனுப்பியிருக்கிறான். கிளொக் 19, சிக் பி365, ஸ்மித் அண்ட் வெஸன் 642. பன்னிரண்டு வயதில் இங்கே வந்தபோது என் துவக்கைப் பார்த்தவன், மாமாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறான். வேண்டாம் என்றால் சொல்லாமல் வாங்கிவிடுவான். அங்கே எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், நான் காசு அனுப்பி அவர் பெயரில் எடுத்துக் கொடுத்தால் பாதுகாப்போ என்றும் யோசிக்கிறேன். நீங்கள் அந்த ஊரில் இருந்தவர். என்ன சொல்லட்டும்?

- ஒரு மாமா

*

அன்பின் அண்ணன்,

அவன் உங்களிடம் கேட்டிருக்கிறான் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். அந்த ஊரில் 21 வயதுப் பெடியன் ஒருவன் ஒரு மத்தியானத்துக்குள் வாங்கி வந்துவிடலாம். அதற்குப் பிறகும் மாமனின் வாயிலிருந்து ஒரு சொல் வேண்டும் என்று காத்திருக்கிறான். வெறுமனே ‘வேண்டாம்’ என்று அடைத்துவிடாதீர்கள்.

முதலில் அந்த நண்பர் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். ஒருவர் காசில், அவருக்காக, இன்னொருவர் தன் பெயரில் துப்பாக்கி வாங்குவது அங்கே மத்திய அரசின் சட்டப்படி பெரிய குற்றம். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்திலேயே ‘உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா’ என்று கேட்டிருக்கும். 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு 15 வருடம் வரை சிறை. மருமகன் அந்த நாட்டுப் பிரஜை, வயதும் வந்துவிட்டது. வாங்கினால் தன் பெயரில், தன் கையெழுத்தில், பின்னணிச் சோதனைக்கு நின்று வாங்கட்டும். (இதை வாசிக்கும் மற்றப் பெற்றோருக்கு: உங்கள் பிள்ளை மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ போயிருந்தால் கதை வேறு. மிகச் சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அவர்களுக்குக் குற்றம். கிரீன் கார்ட் உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை.)

இனி, துவக்கைப் பற்றிப் பேச முன் ஒன்று. தகப்பன் போய் எட்டு மாதம், தனி வீடு, இரவு வேலை, நித்திரை இல்லை. கொள்ளையைப் பற்றி எழுதும் வேகத்தில் நீங்கள் இதைக் கடந்து போய்விட்டீர்கள். என்னால் கடக்க முடியவில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தாங்களே தங்களைச் சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கும் மேல். கள்ளனுக்காக வாங்கிய துவக்கு கள்ளனைக் காணாமலே இருக்கலாம், வாங்கியவனின் கெட்ட இரவு ஒன்றைக் கட்டாயம் காணும்.

இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்கள் படுவான்கரையில் வயல் செய்கிறவர், கிருமிநாசினிப் போத்தல் வீட்டு மூலையில் நின்ற காலத்தைக் கண்டவர். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள், உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் ஒன்று. அந்த வருடத்திலிருந்து மிகக் கொடிய நஞ்சுகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்து வருடத்தில் அந்தக் கணக்கு பாதியானது. சனங்களின் கவலை குறைந்துவிடவில்லை. நஞ்சு குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் குறையவில்லை. ஆனால் வந்தவர்களில் கூடப் பேர் பிழைத்து வீட்டுக்குத் திரும்பினார்கள், பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு அப்படிச் சாகவும் இல்லை. துப்பாக்கி அந்த இரண்டாம் வாய்ப்பைக் கொடுக்காது. அதை எடுத்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் தப்புவதில்லை.

ஆகவே அவனிடம் நேராகக் கேளுங்கள். ‘மனே, ராவில நித்திரை வராட்டி என்ன யோசிக்கிறாய்? சாகலாம் எண்டு எப்பவாவது நினைச்சியா?’ இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. கேட்கப்பட்டவனுக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கும். தயங்கினாலோ, பேச்சை மாற்றினாலோ, இந்த வருடம் வீட்டுக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று மாமனாகக் கண்டிப்பாகச் சொல்லுங்கள், தங்கைக்கும் அறிவியுங்கள். அங்கே மனம் உடைந்தவர்களுக்கு உதவும் 988 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அவன் சிரித்துக்கொண்டே ‘அப்படி ஒண்டும் இல்ல மாமா’ என்றால் நம்புங்கள், ஆனால் இன்னும் ஓரிரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியை வீணாக்கத் தேவையில்லை, சுடப் பழகலாம்.

பழகுவதற்குச் சொந்தத் துப்பாக்கி தேவையில்லை. ஹியூஸ்டனில் காசுகட்டிச் சுடும் ரேஞ்சுகள் நிறைய. வாடகைக்குத் துப்பாக்கி தருவார்கள், பயிற்றுநரும் இருப்பார். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். முதல் நாள் .22 தோட்டா போடும் துப்பாக்கியைக் கேட்கச் சொல்லுங்கள். உதைப்பு மிகக் குறைவு, தோட்டாவும் மலிவு. நான் இதைச் செய்யவில்லை. எடுத்த எடுப்பிலே பெரிய வெடி சுட்டு, ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் கண் தானாக மூடும் பழக்கம் வந்துவிட்டது. அதைக் கழற்ற எனக்கு ஒரு வருடம் போனது.

உங்கள் துவக்கை அவன் பார்த்திருக்கிறான் என்றீர்களே, அங்கேதான் நீங்கள் அவனுக்கு வாத்தியார் ஆகலாம், அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் பரணில் ஏற முன் துவக்கை முறிப்பீர்கள். முறித்தால் குழலுக்குள்ளால் வானம் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கிளொக்கும் சிக்கும் அப்படி இல்லை. கீழே, தோட்டா அடுக்கும் மகசினைக் கழற்றி எடுத்த பிறகும் மேலே குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் மகசினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே, ‘இப்ப வெறும் துவக்கு, பாருங்கோ’ என்று விசையை இழுத்தார். சுவரைத் துளைத்து, அடுத்த அறையையும் கடந்து, பக்கத்து வீட்டு அலுமாரிக்குள் போய் நின்றது. அந்த வீட்டில் அன்றைக்கு ஆள் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் வெகுநேரம் வாய் திறக்கவில்லை.

மகசினை எடுக்க வேண்டும், பிறகு மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும், பிறகு உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும், விரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். ஒழுங்கு மாறக்கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்தால் மகசின் அடுத்த தோட்டாவை மேலே அனுப்பிவிடும். மற்றது எல்லாம் உங்களுக்கும் அவனுக்கும் ஒன்றுதான்: எப்போதும் வெடி போட்டிருக்கிறது என்று நினைத்தே தொடுவது, ஆள் நிற்கும் பக்கம் குழலைத் திருப்பாதது, சுடும் கணம் வரை விசையில் விரல் வைக்காதது, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

அந்தக் கடைசி விடயம் அங்கே இன்னும் பெரிது. நமது வீடுகள் கல்லும் சீமெந்தும். அவன் இருக்கும் அபார்ட்மெண்டின் உட்சுவர் ஜிப்சம் பலகை. 9 மில்லிமீற்றர் ரவை அதைக் கடதாசி போலத் துளைத்துப் போகும். அடுத்த சுவருக்கு அப்பால் யாருடைய பிள்ளை தொட்டிலில் படுத்திருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது மூன்று படங்கள். 642ஐ முதலில் ஒதுக்கச் சொல்லுங்கள். ஐந்து வெடி போடும் சின்ன ரிவோல்வர், ஏறக்குறைய 400 கிராம். சின்னது, இலேசானது, ஆகவே தொடக்கக்காரருக்கு நல்லது என்று பலரும் நினைப்பார்கள், கடையிலும் சிலர் அப்படியே சொல்வார்கள். சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். துவக்கு எவ்வளவு இலேசோ அவ்வளவு உதைக்கும். விசையை இழுக்க 5 கிலோ அளவு பாரம் வேண்டும், குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை. கைதேர்ந்தவர்களுக்கே குறி தவறும். ஒரே ஒரு நல்ல குணம், தோட்டா நிற்கும் உருளையைத் திறந்தால் உங்கள் துவக்கு மாதிரி உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

சிக் பி365 2018இல் வந்தது, சட்டைக்குள் மறைத்துக்கொண்டு திரிவதற்காகச் செய்தது. நல்ல வேலைப்பாடு. ஆனால் 9 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு அதன் பிடி சிறியது, முதல் ஆளுக்குக் கொஞ்சம் முரடு. மிஞ்சுவது ஒஸ்ட்ரியாக்காரரின் கிளொக் 19. நடுத்தர அளவு, மகசினில் 15 தோட்டா, விசைப் பாரம் இரண்டரைக் கிலோ அளவு. மூன்றில் ஒன்று என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டும்: அதில் பெருவிரலால் பூட்டும் தடுப்பு கிடையாது, தடுப்பு விசையிலேயே இருக்கிறது. விசை இழுபட்டால் வெடிக்கும். ஒழுங்கான உறை இல்லாமல் இடுப்பிலோ பையிலோ செருகவே கூடாது.

என் சொல்லை விட அவன் கை பெரிய சாட்சி. பிடியை இறுகப் பற்றும்போது குழல் முழங்கையோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும், சுட்டு விரலின் முதற் கணு, கையைத் திருகாமல் விசைக்கு எட்ட வேண்டும். மூன்றையும் வாடகைக்கு எடுத்து ஐம்பது ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்தால் அவனே உங்களுக்கு விடை அனுப்புவான்.

காசு அனுப்ப ஆசையென்றால் துப்பாக்கிக்கு அனுப்பாதீர்கள். சுவரிலோ கட்டிலிலோ ஆணி அடித்துப் பூட்டும் இரும்புப் பெட்டிக்கு அனுப்புங்கள், பெட்டி முதலில் வீட்டுக்கு வரட்டும். தலையணைக்குக் கீழே, லாச்சிக்குள், காருக்குள் என்று விட்டுப்போன துப்பாக்கி பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு போலத்தான். மாடு தேடிப் போனவர்களின் கால் அதில் போனதை நம் பக்கத்தில் காணாத ஊர் குறைவு. காருக்குள் வைப்பது எல்லாவற்றிலும் மோசம், அங்கே களவு போகும் துப்பாக்கிகளில் மிகப் பல கார்களிலிருந்து போகிறவை.

சட்டத்தில் இன்னும் ஒன்று. டெக்சாஸில் 2021 செப்டெம்பரிலிருந்து 21 வயதானவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே இடுப்பில் கொண்டு திரியலாம். இதைக் கேட்டுவிட்டு அவன் வகுப்புக்கும் கொண்டு போய்விடக் கூடாது. பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் போனால் குற்றம். அந்தப் பத்திரத்துக்கு ஒரு நாள் வகுப்பும், 3, 7, 15 யார் (கெஜம்) தூரத்தில் 50 தோட்டா சுடும் சோதனையும் உண்டு. கட்டாயமில்லை என்றாலும் எடுக்கச் சொல்லுங்கள். எப்போது சுடக்கூடாது என்பதை அந்த வகுப்பில்தான் சொல்லித்தருகிறார்கள். கடை முதலாளி அனுமதிக்கிறாரா என்றும் கேட்கட்டும். நான் நான்கு வருடம் இரவுக் கவுண்டரில் நின்றவன். கல்லாவிலிருக்கும் காசைக் கேட்டால் கொடுத்துவிடு, கையைக் காட்டிக்கொண்டு நில் என்று முதல் நாளே சொல்லித்தந்தார்கள். இரண்டு முறை கொடுத்தேன், இன்று கல்லடியில் இருந்து உங்களுக்கு எழுதுகிறேன். கையில் கிளொக் இருந்தாலும் அவன் அதையே செய்ய வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

படங்களுக்கு வாட்ஸப்பில் பதில் எழுத வேண்டாம். அவன் இரவு வேலை முடிந்து காலை ஆறு மணிக்கு அறைக்கு வருகிறான் என்று வைத்துக்கொண்டால், இங்கே அது மாலை நாலரை, அங்கே குளிர்காலமென்றால் ஐந்தரை. நீங்கள் வயலிலிருந்து வந்து கால் கழுவும் நேரம். அப்போது எடுங்கள். மச்சானைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள். பிறகு நித்திரையைக் கேளுங்கள், கிளொக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்.