காகிதம் தடுக்கும் துகள்

வணக்கம். கதிரியக்கம் குறித்த உங்கள் கட்டுரையில் ஆல்ஃபா துகளைப் பற்றியே அதிகம் எழுதியிருந்தீர்கள். ஒரு காகிதமே தடுத்துவிடும் பலவீனமான கதிர் என்றுதான் நான் படித்திருக்கிறேன். இயற்கைக் கதிரியக்கத்தில் அதற்கு அவ்வளவு பங்கு உண்டா? இயற்கையாக வருவது என்பதால் தீங்கும் குறைவுதானே?

அன்புள்ள நண்பருக்கு,

‘பலவீனம்’ என்ற அந்த ஒரு சொல் சில நாட்களாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதையே நீங்களும் எழுதியதால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இயற்கை, செயற்கை என்ற பேதம் உயிரணுவுக்குத் தெரியாது என்பதோடு உங்கள் கடைசிக் கேள்வியை விட்டுவிடலாம்.

இவ்வளவு அக்கறையாகக் கேட்கும் நீங்கள், காகிதம் ஏன் தடுக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா? இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த கனத்த துகள் அது. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாக உருவாகும் கதிரியக்க வாயுவான ரேடான் 222இன் அணுவிலிருந்து 5.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்பி, காற்றில் நான்கு சென்டிமீட்டர் போவதற்குள் வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து ஒன்றரை இலட்சம் அயனி இணைகளை உண்டாக்கிவிட்டு நிற்கிறது. வலுவில்லாமல் நிற்கவில்லை, கையில் இருந்ததையெல்லாம் அந்தச் சிறு தொலைவிலேயே கொட்டித் தீர்த்துவிட்டதால் நிற்கிறது. தோலின் இறந்த மேலடுக்கில் அது நடந்தால் நமக்கு ஒன்றுமில்லை. ரேடானும் அது சிதைந்து உருவாகும் வழித்தோன்றல் அணுக்களும் மூச்சோடு உள்ளே போய், நுரையீரலின் உயிருள்ள திசுவுக்குள் அதே கொட்டல் நடந்தால் புற்றுநோய் வரை போகும். தடுக்கும் காகிதம் அங்கே ஏது?

மாணவனாக இருந்தபோது, துகள்கள் போன தடத்தை ஆவியில் இழையாகக் காட்டும் முகிலறை ஒன்றை முதன்முதலில் பார்த்தேன். உலர்பனிக்கட்டியின் மேல் கறுப்புத் தகடு, அதற்கு மேல் ஆல்கஹால் ஆவி, நடுவில் கதிரியக்கத் தனிமமான தோரியம் கலந்த சிறு கம்பி. வெகுநேரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு கம்பியிலிருந்து வெண்ணிற இழை ஒன்று நேராகத் தெறித்து, இரண்டு விரல் அகலம் போய்ச் சட்டென்று முடிந்து, மெல்லக் கரைந்தது. பீட்டா எனப்படும் எலக்ட்ரான் கதிரின் தடங்கள் மெலிந்து நெளிந்து அலைந்தன; இதுவோ பஞ்சுத் திரிபோலத் தடித்திருந்தது. அதைப் பார்த்தவர் யாரும் பலவீனம் என்று எழுதமாட்டார்.

அந்த இழை முடிந்த இடத்தில் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். நின்ற துகள் அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு ஹீலியம் அணுவாகிவிடுகிறது. இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும் 1908இல் ரேடானை மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, சுவரைத் துளைத்து வெளியே வந்த ஆல்ஃபாக்களைச் சேர்த்து, அவற்றில் ஹீலியத்தின் நிறமாலையைக் கண்டார்கள். வேதியியலாளர் ராம்சே 1895இல் யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து ஹீலியத்தைப் பிரித்தெடுக்க முடிந்ததன் காரணமும் இதுவே. யுரேனியம் 238 அணு ஒன்று ஈயம் 206 ஆவதற்குள் எட்டு ஆல்ஃபாக்களை உமிழ்கிறது. அந்த யுரேனியத்தின் அரை ஆயுட்காலம், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டுகள். பாறைக்குள் அத்தனை காலமாக நின்றுபோன துகள்கள்தாம் இன்று எரிவாயுக் கிணறுகளிலிருந்து ஹீலியமாக மேலே வருகின்றன. நீங்கள் கேட்ட பங்கு இதுதான்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு முகிலறையைப் பாருங்கள். அறையை இருட்டாக்கி, விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, கண் பழகும்வரை பொறுத்திருங்கள். முதல் இழையைத் தவறவிட்டாலும் அடுத்தது வந்துவிடும்.

அன்புடன்.